அனேத்தாவின் பாதி வீடு

கிரேக்கத்து யானினா ஊரின் கோட்டைத் தெருவில் அனேத்தா தன் புருஷனோடு சண்டை போடும் குரல் மாடியிலிருந்து கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பழகிப்போன சத்தம். சூப்பில் உப்பு கூடிப்போனாலும் சண்டை, கூரை ஒழுகினாலும் சண்டை, மகள் ஊரிலிருந்து சேதி வரத் தாமதமானாலும் சண்டை. எல்லாச் சண்டையும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். "அன்னைக்கே கிளம்பியிருக்கலாம்ல?" என்பாள். பதில் வராது. நிசிம் செத்து அப்போதே இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உயிரோடு இருந்த காலத்திலும் நிசிம் அதிகம் பதில் பேசியவன் இல்லை. சந்தைத் தெருவில் நூலும் பொத்தானும் கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கும் துணியும் விற்கிற சின்னக் கடை அவனுடையது. யார் வந்து பேரம் பேசினாலும் இறங்கிக் கொடுத்துவிடுவான். அண்ணன் சபெத்தாய் சொன்னால் அது சட்டம். தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து, கடை வைத்துக் கொடுத்து, அனேத்தாவைப் பெண் பார்த்துக் கட்டிவைத்தவர் அவர். எந்தத் துணிக்கட்டை வாங்கலாம் என்பதிலிருந்து பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்பது வரை அவரைக் கேட்காமல் நிசிம் எதையும் செய்ததில்லை. "நான் உங்களைக் கட்டிக்கிட்டேனா, உங்க அண்ணனைக் கட்டிக்கிட்டேனா?" என்று அனேத்தா கேட்பாள். அவன் சிரித்துக்கொண்டே செருப்பைத் தேடுவான்.

மூத்தவள் மலாமோவுக்குப் பதினோரு வயது. அவளுக்குப் பின் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், பண்டிகை நாளில் பிறந்தவன் பையன். பண்டிகை நாள் என்றே பொருள் வரும்படி யோம்தோவ் என்று பெரியப்பா பெயர் வைத்தார். எல்லோருக்கும் அவன் தோவி. நான்கு வயதுக்கு உடம்பு சின்னது, குரல் பெரியது.

இத்தாலியர்கள் போய் ஜெர்மானியர்கள் ஊருக்குள் வந்த பிறகு வந்த முதல் குளிர்காலம் அது. சலோனிகா நகரத்தில் யூதர் என்று ஒருவரும் மிச்சமில்லை, அத்தனை பேரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தி வந்து மாதங்கள் ஆகியிருந்தன. எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலந்துப் பக்கம் வேலைக்கு என்றார்கள். ஊர் யூதர்களின் ஜெப ஆலயத்து வாசலில் நின்று பேசிய பெரியவர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். சலோனிகாக்காரர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள், இன்னும் வீட்டில் ஸ்பானியம் பேசுகிறவர்கள், அதனால் கண்ணில் பட்டார்கள். நாம் ரோமாபுரி காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறோம், கிரேக்கத்தைத் தவிர வேறு பாஷை நமக்குத் தெரியாது, நம்மை யார் தொடுவார்கள் என்பது அந்த விளக்கம். அதைக் கேட்டுவிட்டு வந்து நிசிம் வீட்டில் சொன்னபோது அனேத்தா கீரை அடைத்துச் சுடும் பிட்டாவுக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரயில்ல ஏத்தறவன் பாஷை கேட்டுட்டா ஏத்துவான்?" என்றாள்.

மலையிலிருந்து பாலாடைக்கட்டியும் விறகும் கொண்டுவருகிற ஸ்டெர்யோஸ் என்ற கோவேறு கழுதைக்காரர், ஊருக்கு வந்தால் நிசிமின் கடை வாசலில்தான் கழுதைகளைக் கட்டுவார். ஆட்டு மந்தை மேய்க்கும் விளாக் சாதி. பேச்சில் நயம் கிடையாது. ஜனவரியில் ஒருநாள் வந்தவர், காப்பி என்று சொல்லிக் கொடுத்த வறுத்த கடலைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கடையில் அனேத்தாவைத் தவிர வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, புருஷனையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு மேல வந்துடு. ஆர்த்தா ஊர்ல வீடு எரிஞ்சுபோய் வந்திருக்கா, என் பொண்டாட்டிக்குச் சித்தப்பா பொண்ணுன்னு சொல்லிக்கறேன். எங்க ஊர்ல யாரும் தோண்டித் துருவிக் கேக்க மாட்டாங்க. கேட்டாலும் வெளிய சொல்ல மாட்டாங்க."

"எத்தனை நாளைக்கு அண்ணே?"

"அவங்க ஒழியற வரைக்கும். சோளரொட்டிதான் இருக்கு. அதுல பங்கு இருக்கு."

அனேத்தா அன்றைக்கே மூட்டை கட்டத் தயார். நிசிம் வழக்கம்போல அண்ணனைக் கேட்கப் போனான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சாப்பிட உட்கார்ந்தபோது சபெத்தாயே பேச்சை எடுத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். தெருவில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்து மாவு அனுப்புகிறவர். நிதானமாகத்தான் சொன்னார். ஒரு குடும்பம் ஓடினால் மற்ற குடும்பங்களைப் பிணையாகப் பிடிப்பார்கள். ஜெர்மன்காரன் ஒழுங்கு பார்க்கிறவன், ஒழுங்காக இருந்தால் வம்புக்கு வரமாட்டான். மலையில் பனி, பசி, துப்பாக்கிக்காரர்கள். இதெல்லாம் யோசிக்க வேண்டாமா என்றார். அனேத்தா குறுக்கே பேசினாள். மச்சாண்டாருக்கு முன் அப்படிப் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை.

"பெரியத்தான், நீங்களும் வாங்க. எல்லாரும் போலாம்."

"போனா என்னை நம்பி இருக்கறவங்க? அவங்களையும் கழுதை மேல ஏத்த முடியுமா? நீ பிழைக்கணும்கறதுக்காக இந்தத் தெருவையே அடமானம் வைக்கச் சொல்றே, அனேத்தா."

அதற்குமேல் நிசிம் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்போது தன் புருஷன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று அவள் சாகும் வரை நினைத்தாள். என்ன வார்த்தை என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. எதுவாக இருந்தாலும் போதும்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தது அவள்தான். பஞ்சம் வந்த வருஷங்களில் ஊர்ப் பெண்கள் துணியையும் நூலையும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்ச் சோளமாவுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள். அந்தச் சாக்கில் தானும் மலாமோவும் முதலில் போய் இடம் எப்படி என்று பார்ப்பது. இரண்டு வாரம் கழித்து ஸ்டெர்யோஸ் இறங்கி வந்து நிசிமையும் தோவியையும் அழைத்துப்போவது. பையனுக்கு அப்போது கக்குவான் இருமல். பனியில் கழுதைமேல் ஏற்றினால் தாங்கமாட்டான், வழியில் சோதனைச் சாவடியில் இருமினால் எல்லார் கண்ணும் திரும்பும். இரண்டு வாரத்தில் இருமல் அடங்கிவிடும். நிசிம் சரி என்றான். அவள் மாவு வாங்க மலைக்குப் போகிறாள் என்று மட்டும் அண்ணனிடம் சொன்னான். அவன் வாழ்க்கையில் அண்ணனிடம் சொன்ன முதல் பொய் அது.

கிளம்பும்போது தோவி தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பினால் அழுவான், அழுதால் இருமுவான். அதனால் எழுப்பவில்லை.

ஸ்டெர்யோஸின் ஊர் மலைச்சரிவில் இருந்தது. கீழே, யானினாவிலிருந்து கணவாய் ஏறி லாரிஸா சமவெளிக்குப் போகும் பெரிய ரோடு. அவர் மனைவி அக்லாயா இவர்களைப் பார்த்ததும் எதுவும் கேட்கவில்லை. படுக்கையில் இரண்டு பேருக்கு இடம் ஒதுக்கினாள். அனேத்தா, ஆன்னா ஆனாள். மலாமோ, மரியா ஆனாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். சிலுவை போடும்போது கை எந்தத் தோளுக்கு முதலில் போகவேண்டும் என்று அக்லாயா அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அப்படியும் ஒருநாள் அனேத்தா தப்பாகப் போட்டுவிட, பக்கத்தில் நின்ற கிழவி, "ஆர்த்தாவுல எல்லாரும் இடது கைக்காரங்க போலிருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு முன்னால் போய் அவளை மறைத்துக்கொண்டு நின்றாள். ஊருக்கே தெரிந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஸ்டெர்யோஸ் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கழுதைகள் வெறும் முதுகோடு வந்தன.

"பையனுக்குப் பரவாயில்லை. இருமல் குறைஞ்சிருக்கு" என்றார். பிறகு கழுதையின் சேணத்தை அவிழ்த்துக்கொண்டே, "பஸ்கா பண்டிகை முடியட்டும்கறாரு உன் வீட்டுக்காரர். அண்ணன் வீட்டு விருந்துல தம்பி இல்லேன்னா நல்லா இருக்காதாம். அது முடிஞ்ச மறுநாள் கிளம்பறதா வாக்குக் குடுத்திருக்காரு" என்றார்.

நிசிம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தான். மலாமோவுக்குக் கம்பளிக் காலுறை, அக்லாயாவுக்குத் தையல் ஊசிகள். அனேத்தா காலுறையைச் சுவரில் வீசி அடித்தாள். தானே இறங்கிப்போய்ப் பையனைத் தூக்கிக்கொண்டு வருவதாகச் சால்வையை எடுத்தாள். ஸ்டெர்யோஸ் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். மலையில் பதுங்கியிருக்கும் கெரில்லாக்களைத் தேடி ரோட்டில் ஜெர்மன்காரர்கள் அலைகிறார்கள், தனியாகப் போகிற பெண்ணைச் சுட்டுவிட்டுத்தான் யாரென்று பார்ப்பார்கள் என்றார். மறுநாளிலிருந்து பனி கொட்ட ஆரம்பித்தது. பாதை மூடிக்கொண்டது.

மார்ச் மாதக் கடைசியில், கன்னி மரியாள் திருநாளன்று, மதியத்துக்கு மேல் பனி சற்று விட்டிருந்தது. பெண்கள் விறகு பொறுக்க ரோட்டுக்கு மேலே இருந்த பைன் காட்டுக்குப் போனார்கள். அனேத்தாவும் மலாமோவும் கூடப் போயிருந்தார்கள். யாரோ லாரிச் சத்தம் கேட்கிறது என்றாள். எல்லோரும் பாறைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். வளைவில் ஒவ்வொன்றாக லாரிகள் வந்தன. கித்தான் போட்டு மூடிய பெரிய பட்டாள லாரிகள். ஏற்றத்தில் முனகிக்கொண்டு, பனிச்சேற்றில் வழுக்கிக்கொண்டு வரிசை முடியாமல் வந்துகொண்டே இருந்தது. இத்தனை பட்டாளம் நம் ஊருக்குத்தான் வருகிறது, எரிக்கப் போகிறார்கள் என்று ஒருத்தி நடுங்கினாள்.

"உள்ள ஆளுங்க இருக்காங்கம்மா" என்றாள் மலாமோ.

"பட்டாளத்துக்காரங்கதான். தலையைக் குனி."

அனேத்தா கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே இவர்கள் இங்கே நிற்காமல் போகட்டும், நிற்காமல் போகட்டும் என்று வேண்டினாள். லாரிகள் நிற்கவில்லை. கடைசி லாரியும் வளைவு தாண்டி மறைந்ததும் பெண்கள் எழுந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள். அனேத்தாவும் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவள் கை சரியாகவே போனது. விறகைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு மனசு லேசாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது. விடியும் முன் கோட்டையைச் சுற்றி வளைத்து, கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வெளியே வரச் சொல்லி, ஏரிக்கரையில் பனியில் நிறுத்தி, அத்தனை யூதர்களையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று ஸ்டெர்யோஸ் சொன்னார். எந்த ரோட்டில் போனார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. அந்த மலையில் லாரி போகிற ரோடு ஒன்றுதான் இருந்தது.

அனேத்தா அழவில்லை. மலாமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவள் அப்புறம் எப்போதும் முழுசாக விலக்கவே இல்லை.

கோடையில் ஜெர்மானியர்கள் நிஜமாகவே வந்து அந்த ஊரை எரித்தார்கள். ஸ்டெர்யோஸின் வீடு, கொட்டகை, வைக்கோல் எல்லாம் போயிற்று. ஊரே காட்டில் படுத்தது. அக்லாயா இருந்த சோளமாவை எல்லார் கையிலும் ஒரே அளவாகப் பிரித்துக் கொடுத்தாள். "உங்களால இல்ல, ஜெர்மன்காரனுக்குத் துப்பாக்கிக்காரங்க மேலதான் கோபம்" என்று அனேத்தாவிடம் அவளே வந்து சொன்னாள். அனேத்தா நம்பியதாகக் காட்டிக்கொண்டாள்.

அக்டோபரில் ஜெர்மானியர்கள் யானினாவைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். அனேத்தா மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே இறங்கினாள். கோட்டைக்குள் நுழைந்து தன் வீட்டு வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து பொரியல் வாசனை வந்தது. கதவைத் திறந்தது நகராட்சி எழுத்தர் பெரிக்லிஸ். நிசிமின் கடையில் சட்டைக்குப் பொத்தான் வாங்குகிறவர். முன்பு தலையைக் குனிந்து வணக்கம் சொல்லுவார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "நீ இருக்கியாம்மா?" என்பது. அதில் அதிர்ச்சி இருந்தது. சந்தோஷம் இருந்ததா என்று அனேத்தா தேடிப் பார்த்தாள்.

"இது என் வீடு" என்றாள்.

"யாரு இல்லேன்னா? நாங்க பத்திரமா பாத்துக்கிட்டோம். இல்லாட்டி மலையிலேர்ந்து வந்த அகதிங்க கதவு சன்னலைக்கூடப் பேத்து எரிச்சிருப்பாங்க. நகராட்சியில முறைப்படி எழுதி வாங்கித்தான் வந்தோம். உன் வீட்டுக்காரர் வந்தா பேசிக்கலாம்."

"அவர் வரலேன்னா?"

பெரிக்லிஸ் கதவைக் கொஞ்சம் ஒருக்களித்தார். அவருக்குப் பின்னால், தோவியின் கட்டிலில் உட்கார்ந்து ஒரு சின்னப் பையன் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பெரிக்லிஸின் மகன் ஸ்பீரோஸ். அவனுக்கும் தோவியின் வயசுதான்.

அந்தக் குளிர்காலம் தாயும் மகளும் ஜெப ஆலயத்தில் படுத்தார்கள். மலைக்கு ஓடித் தப்பியவர்கள் சிலர் வந்து சேர்ந்தார்கள். லாரிஸாவில் லாரிகளிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றியதாகக் கேள்விப்பட்டு, எல்லோரும் அந்த ரயிலுக்காகக் காத்திருந்தார்கள். போன ரயில் திரும்பி வரத்தானே வேண்டும் என்பதுபோல.

மறு வருஷம் கோடையில் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களில் ஒருவன் சபெத்தாயின் மகன் மார்கோஸ். இருபது வயசுப் பையனுக்கு ஐம்பது வயசு முகம். சித்தியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்காமலே சொன்னான். தகப்பனார் ரயிலிலேயே போய்விட்டார். கடைசிவரை, கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் பங்குபோட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். ரயில் நின்று கதவு திறந்ததும் ஒரே கூச்சல், நாய்கள். கோடு போட்ட உடுப்பில் சில கைதிகள் பெட்டிக்குள் ஏறினார்கள். அவர்களில் ஒருவன் சலோனிகாக்காரன். கிரேக்கத்தில் நிசிமின் காதோடு சொன்னான்: பிள்ளையைக் கிழவிங்க யார் கையிலயாவது குடுத்துடு, நீ வாலிபன் மாதிரி நிமிர்ந்து ஆம்பளைங்க வரிசையில நில்லு.

"நான் சித்தப்பாவைப் பிடிச்சு இழுத்தேன், சித்தி. பக்கத்துல ஒரு அம்மா கையை நீட்டினாங்க, குடுன்னு. அவர் மாட்டேன்னுட்டாரு. அந்தக் கைதி திரும்பவும் திட்டிச் சொன்னான். இவர் தோவியைத் தோள்ல போட்டுக்கிட்டு, என் பையனை நானே வச்சுக்கறேன்னு சொல்லிட்டு கிழவிங்களும் பிள்ளைங்களும் போன பக்கமே போயிட்டாரு. தோவி தூங்கிட்டிருந்தான்."

அனேத்தா அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் திரும்பச் சொன்னான். வாழ்நாள் முழுக்க யார் என்ன சொன்னாலும் கேட்ட மனிதன், கேட்டிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒரே இடத்தில் கேட்கவில்லை. அதற்காக அவனைத் திட்டவும் அவளுக்கு வாய் வரவில்லை. கொடுத்துவிட்டு வந்திருந்தால் அவனை மன்னித்திருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். மாட்டாள். இதற்கு மேல் அவனை எப்படித்தான் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக அழுதாள்.

வீட்டுக்காக வழக்குப் போட்டாள். வக்கீல்கள் மாறினார்கள், நீதிபதிகள் மாறினார்கள். நடுவில் உள்நாட்டுச் சண்டை வேறு. புருஷன் செத்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டார்கள். மார்கோஸ் வந்து சொன்னான். பிணத்தைப் பார்த்தாயா என்று அவனைக் கேட்டார்கள். அவன் சிரித்துவிட்டான். கோர்ட்டில் சிரித்ததற்குக் கண்டித்தார்கள்.

அதே சமயத்தில் ஸ்டெர்யோஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சண்டைக் காலத்தில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போட்டவர் என்று வழக்கு. அனேத்தா காவல் அதிகாரியிடம் போய், அவர் எங்களுக்கும்தான் சோறு போட்டார், அவர் வீட்டில் யார் பசியோடு வந்தாலும் போடுவார், அவ்வளவுதான் என்று சொன்னாள். அதிகாரி பேனாவை எடுக்கவே இல்லை. கம்யூனிஸ்டுக்கு யூதச்சி சாட்சியா, நல்ல ஜோடிதான் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவிட்டு அவளைப் போகச் சொன்னார். ஸ்டெர்யோஸை ஒரு மொட்டைத் தீவுக்கு அனுப்பினார்கள். கல் சுமந்து, காய்ச்சல் கண்டு, அங்கேயே செத்தார். செய்தியைச் சொல்ல அக்லாயா மலையிலிருந்து நடந்து வந்தாள். இரண்டு பெண்களும் ஜெப ஆலயத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போகும்போது அக்லாயாவிடம் கொடுக்க அனேத்தாவிடம் ஒரு மாவுப் பையைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை.

தீர்ப்பு வந்தபோது மலாமோவுக்குப் பதினேழு வயது. மாடி அனேத்தாவுக்கு, கீழ்த்தளத்தில் இத்தனை வருஷம் இருந்து செலவு செய்து பராமரித்ததால் அது பெரிக்லிஸுக்கு. வக்கீல் கைகொடுத்து, ஜெயித்துவிட்டோம் என்றார். அனேத்தா தன் வீட்டின் மேல் பாதிக்கு வெளிப்படி வழியாக ஏறிக் குடிபோனாள். கீழே அவள் சாப்பாட்டு மேஜையில் அவர்கள் சாப்பிடும் தட்டுச் சத்தம் தரைப்பலகை வழியாகக் கேட்கும். பெரிக்லிஸின் மனைவி உரானியா பொல்லாதவள் இல்லை. பண்டிகைக்கு முட்டையும் பிட்டாவும் மேலே அனுப்புவாள். அவற்றை அனுப்புகிற தட்டு அனேத்தாவின் அம்மா சீராகக் கொடுத்த தட்டு. உரானியாவுக்கு அது தெரியாது. அனேத்தா தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பிவிடுவாள்.

கஷ்டம் ஸ்பீரோஸால்தான் வந்தது. அவன் அவள் கண்ணெதிரிலேயே வளர்ந்தான். பத்து வயசு, பன்னிரண்டு வயசு, குரல் உடைந்தது, மீசை அரும்பியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் படியேறி, "அனேத்தா அத்தே, சாப்பிட என்ன இருக்கு?" என்று நிற்பான். அவனுக்குச் சுட்ட செஸ்ட்நட் கொட்டை கொடுத்துவிட்டு, அவன் போன பிறகு அடுப்பங்கரையில் நின்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். கொடுக்காமலும் இருக்க முடியவில்லை. தோவி இருந்தால் இந்நேரம் இந்த உயரம் இருப்பான் என்று அளந்து பார்க்க அந்தப் பையனைவிட்டால் அவளுக்கு வேறு அளவுகோல் இல்லை.

மலாமோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தாயும் மகளும் ஏதோ பாவாடை நீளத்தைப் பற்றி ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய், "என்னை விட்டுட்டு அவனைத் தூக்கிட்டு வந்திருக்கலாம். அதுதானே உனக்கு?" என்று மலாமோ கேட்டாள்.

அனேத்தா இல்லை என்று சொல்லியிருக்கலாம். கட்டிப்பிடித்திருக்கலாம். "இருமல் அவனுக்குத்தானே இருந்துச்சு" என்றாள்.

அந்த வருஷமே மலாமோ ஏதென்ஸுக்குப் போய்த் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள். நல்லவன். பிள்ளைகள் பிறந்தன. பையனுக்குத் தோவி பெயரை வைக்கட்டுமா என்று கேட்டு ஆள் விட்டாள். வேண்டாம், அந்தப் பேருக்கு ஆள் இருக்கிறான் என்று அனேத்தா சொல்லியனுப்பினாள்.

மகள் கூப்பிட்டும் போகாமல் அவள் மாடியிலேயே கிடந்தாள். ஏன் கிடந்தாள் என்று எங்கள் ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். பிடிவாதம் என்பார்கள். நான் எழுந்து போனால் முழுசும் அவங்களுக்குத்தானே என்று அவளே ஒருமுறை மார்கோஸிடம் சொன்னாள். பெரிக்லிஸ் செத்தபோது துக்கம் கேட்கக் கீழே இறங்கினாள். இருபது வருஷத்துக்குப் பிறகு தன் கூடத்துக்குள் கால் வைத்தாள். சுவருக்கு வேறு வண்ணம் அடித்திருந்தார்கள். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். விருந்தாளி மாதிரி காப்பியைக் குடித்துவிட்டு மேலே வந்தாள். அன்றைக்குப் புருஷனோடு போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டது.

முழங்கால் இரண்டும் விட்டுப்போன பிறகுதான் தோற்றாள். படி இறங்க முடியவில்லை. தண்ணீரும் ரொட்டியும் ஸ்பீரோஸ்தான் மேலே கொண்டுவந்து கொடுத்தான். மலாமோ ஏதென்ஸிலிருந்து வந்து, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டாள். மாடியை விற்க வேண்டும். மாடியை மட்டும் யார் வாங்குவார்கள்? கீழே இருப்பவன்தான் வாங்குவான். ஸ்பீரோஸ் வாங்கினான். அவன் சொன்ன விலைக்கே முடிந்தது, வேறு கேட்க ஆள் இல்லை.

கிளம்பும் அன்று காலையில் அவனே மேலே வந்து அவளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டான். ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கினான். நல்ல தாட்டியான ஆள், மூச்சுகூட வாங்கவில்லை. தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். உரானியா தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காரில் உட்காரவைத்துவிட்டு, அவள் கையை விடாமல் ஸ்பீரோஸ் சொன்னான்.

"அத்தே, நீங்க எனக்கு அம்மா மாதிரி. இந்த வீட்டுக் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கும்."

அனேத்தா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"தெரியும்ப்பா" என்றாள். "எங்க ஆளுங்களை லாரியில ஏத்தின அன்னைக்கும் திறந்துதான் இருந்துச்சு."

அவனுக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினான். மலாமோ காரை எடுக்கச் சொன்னாள்.

ஏதென்ஸில் இரண்டு குளிர்காலம் இருந்தாள். மகளோடு பெரிதாகச் சண்டையில்லை. இரண்டு பேரும் களைத்துவிட்டிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். தந்தி போய்ச் சேர்ந்ததும் ஸ்பீரோஸ் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்தான். யூதர் கல்லறையில் தொப்பி போடவேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் மார்கோஸைக் கேட்டுப் போட்டுக்கொண்டான். வந்திருந்தவர்களில் வாய்விட்டு அழுதவன் அவன் ஒருவன்தான். வீட்டுக்கு வந்ததும் மலாமோ அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள்.